புகழைப் பணயம் வைப்பவர்கள்

நட்சத்திரங்கள் வந்து நின்றால் போராட்டம் ஜெயித்துவிடுமா? கையோடு எதைக் கொண்டுவந்தார்கள், எதை இழக்கத் துணிந்தார்கள் என்பதில் இருக்கிறது பதில்.

1963 ஏப்ரல் 12, புனித வெள்ளி. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்ஹாம் நகரத்து கேஸ்டன் மோட்டலின் 30-ம் எண் அறையில் மார்ட்டின் லூதர் கிங்கும் தோழர்களும் செய்வதறியாமல் உட்கார்ந்திருந்தார்கள். நிறவெறிக்கு எதிரான ஊர்வலங்களுக்கு நீதிமன்றம் தடை போட்டிருந்தது. ஏற்கெனவே சுமார் முந்நூறு பேர் சிறையில் இருந்தார்கள். அவர்களை ஜாமீனில் எடுக்கக் கையில் காசு இல்லை. கிங் வெளியில் இருந்தால் ஊர் ஊராகப் போய் நிதி திரட்டலாம். ஆனால், ஜனங்களை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டுத் தலைவர் ஒதுங்கிக்கொண்டார் என்ற பேச்சு வரும். உள்ளே போனால் பேச்சு வராது, காசும் வராது. பக்கத்து அறைக்குப் போய்த் தனியே பிரார்த்தித்துவிட்டு வந்த கிங், உழைப்பாளிகள் போடும் முரட்டு டெனிம் உடைக்கு மாறியிருந்தார். அன்றே தடையை மீறி நடந்தார், கைதானார். சில நாள்களில் வழக்கறிஞர் கிளாரன்ஸ் ஜோன்ஸ் சிறைக்குள் ஒரு செய்தியோடு வந்தார். பாடகர் ஹாரி பெலஃபான்ட்டே ஜாமீனுக்காக 50,000 டாலர் திரட்டிவிட்டார்.

பெலஃபான்ட்டே அப்போது அமெரிக்காவின் மிகப் பெரிய மேடை நட்சத்திரங்களில் ஒருவர். 1956-ல் வெளியான ‘கலிப்ஸோ’ இசைத்தட்டு அவர் குரலை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. அந்த நெருக்கடியில் அவர் தன் பெயருக்கு இருந்த மதிப்பைக் காசாக மாற்றி, அது தேவைப்பட்ட நேரத்தில், தேவைப்பட்டவர்களின் கையில் கொடுத்தார். அந்தப் பணமும், பின்னால் தொழிற்சங்கங்கள் தந்த பணமும் போராட்டம் மூச்சு முட்டி நின்றுவிடாமல் காத்தன. மே 2 முதல் பள்ளிப் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாகத் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் மீது போலீஸ் நாய்களும், தீயணைப்புக் குழாய்களின் நீரும் ஏவப்பட்டதை உலகமே பார்த்தது. மே 10-ல் நகரத்து வணிகர்கள் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஜூன் 11-ல் ஜனாதிபதி கென்னடி சிவில் உரிமை மசோதாவை அறிவித்தார். 1964 ஜூலை 2-ல் அது சட்டமானது.

இத்தனையும் ஒரு பாடகரால் நடந்தது என்று சொன்னால், அது சிறைக்குப் போன பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி. அவர் இல்லாமலும் நடந்திருக்கும் என்று கையை உதறினால், அது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. புகழ் ஒரு போராட்டத்தைப் பிறப்பிப்பதில்லை. கோரிக்கையும் ஆள்பலமும் கட்டுப்பாடும் கொண்டு தயாராக நிற்கும் போராட்டத்துக்கு, அதனிடம் இல்லாத ஒன்றைப் புகழால் தர முடியும். அது பணமாக இருக்கலாம், பாதுகாப்பாக இருக்கலாம், எதிராளியின் வருமானத்தை நிறுத்தும் சக்தியாக இருக்கலாம், இதுவரை காது கொடுக்காத கூட்டத்தின் கவனமாக இருக்கலாம். கொடுப்பவர் தானும் எதையாவது இழக்கத் துணிந்து கொடுக்கும்போதுதான் அதற்கு எடை கூடுகிறது. பிரபலங்களின் ‘ஆதரவுக் குரல்’களை எண்ணிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில், இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பணத்தோடு தன் உடலையும்

ஓராண்டு கழித்து, 1964 ஆகஸ்ட். மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவுசெய்ய நூற்றுக்கணக்கான இளைஞர்கள் போயிருந்தார்கள். ஜூன் 21-ல் அவர்களில் மூவர் காணாமல் போனார்கள். ஆகஸ்ட் 4-ல் ஒரு மண் அணைக்கு அடியிலிருந்து சடலங்கள் எடுக்கப்பட்டன. கோடை முடிந்த பிறகும் அங்கேயே தங்கி வேலை செய்ய இளைஞர்கள் விரும்பினார்கள். பதிவு வேலையை முன்னின்று நடத்திய மாணவர் அமைப்பிடமோ காசு இல்லை. பெலஃபான்ட்டே 70,000 டாலர் திரட்டினார். அனுப்பிவைத்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால், அவர் நடிகர் சிட்னி பாய்ட்டியரையும் அழைத்துக்கொண்டு, பணத்தை ஒரு பையில் போட்டு, சிறிய விமானத்தில் இரவு நேரத்தில் கிரீன்வுட் நகரத்தில் போய் இறங்கினார். சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருதை வாங்கிய முதல் கறுப்பினத்தவர் என்று உலகமே பாய்ட்டியரைக் கொண்டாடி நான்கே மாதங்கள்தான் ஆகியிருந்தன. விமான நிலையத்திலிருந்து போகும் வழியில் ஒரு டிரக் அவர்கள் காரைப் பின்னாலிருந்து இடித்துக்கொண்டே துரத்தியது. இளைஞர்களின் கார்கள் குறுக்கே புகுந்து காப்பாற்றி ஊருக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தன.

அந்தப் பயணம் கொடுத்ததைப் பணக்கணக்கில் அடக்க முடியாது. ஊர் பேர் தெரியாத இளைஞர்களை இருட்டில் கொன்று புதைத்தால் கேட்பாரில்லை என்று நம்பிய இடத்தில், உலகமே முகமறிந்த இரண்டு பேர் போய் இறங்கினார்கள். அவர்கள் நிற்கும் இடத்தில் பத்திரிகைகளின் கண்ணும் நிற்கும். பணம் மட்டும் வந்திருந்தால் அது நன்கொடை. பணத்தோடு ஆளும் வந்ததால், ‘உங்களுக்கு நேரும் ஆபத்து எங்களுக்கும் நேரட்டும்’ என்ற உறுதிமொழியாக அது ஆனது. அமைப்பை நடத்தும் பொறுப்பு அந்த இளைஞர்களிடமே இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. வந்தவர்கள் தலைமையைக் கேட்கவில்லை. கேட்ட உதவியைக் கொண்டுவந்தார்கள்.

ஆட மறுத்தால் என்ன நடக்கும்?

விளையாட்டு வீரர்களிடம் நடிகர்களிடம் இல்லாத ஓர் ஆயுதம் உண்டு. குறித்த நாளில், குறித்த நேரத்தில் நடந்தே ஆக வேண்டிய ஆட்டம் அது. டிக்கெட் விற்றாயிற்று, ஒளிபரப்பு உரிமை விற்றாயிற்று, விளம்பரம் விற்றாயிற்று. அந்த நேரத்தில் மைதானத்துக்குள் இறங்க மறுத்தால், மாதக்கணக்கில் திறக்காத கதவுகள் மணிக்கணக்கில் திறக்கும். 2015-ல் மிசௌரி பல்கலைக்கழகத்தில் நடந்தது இதுதான். வளாகத்தில் இனவெறிச் சம்பவங்கள் தொடர்ந்தும் நிர்வாகம் அசட்டையாக இருக்கிறது என்று மாணவர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். கறுப்பின மாணவருக்கு முதன்முதலில் இடம் கிடைத்த ஆண்டைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு, ‘கன்சர்ன்ட் ஸ்டூடன்ட் 1950’ என்ற குழு உருவாகியிருந்தது. அக்டோபரில் கோரிக்கைப் பட்டியல் வந்தது. நவம்பர் 2-ல் மாணவர் ஒருவர் உண்ணாவிரதம் தொடங்கினார். விலக வேண்டும் என்று அவர்கள் கேட்ட பல்கலைக்கழகத் தலைவர் டிம் வுல்ஃப் பதவியை விடவில்லை.

நவம்பர் 7, சனிக்கிழமை இரவு. அவர் விலகும்வரை விளையாட மாட்டோம் என்று பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் கறுப்பின வீரர்கள் அறிவித்தார்கள். மறுநாள் பயிற்சியாளரும் அணியின் பக்கம் நின்றார். அடுத்த சனிக்கிழமை ஆட்டம் நடக்காவிட்டால், எதிரணிக்குப் பல்கலைக்கழகம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னது. திங்கட்கிழமை காலை வுல்ஃப் ராஜினாமா செய்தார். இரண்டே நாள்! ஆனால், அந்த இரண்டு நாள்களுக்குப் பின்னால் மாதக்கணக்கான வேலை இருந்தது. கோரிக்கை எழுதியாயிற்று, யார் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்திருந்தது, உண்ணாவிரதம் நெருக்கடியைக் கூட்டியிருந்தது. வீரர்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. மற்றவர்கள் கேட்டதைத் தங்கள் ஆட்டத்தோடு கட்டிப்போட்டார்கள். அடுத்த மாதமே, விளையாட மறுக்கும் மாணவர்களின் உதவித்தொகையைப் பறிக்க வேண்டும் என்று மாநிலச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவரப்பட்டு, பிறகு திரும்பப் பெறப்பட்டது. அடி சரியான இடத்தில் விழுந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

அதே ஆயுதம் வேறோர் இடத்தில் முழுப் பலன் தரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2020 ஆகஸ்டில் விஸ்கான்சின் மாநிலத்தின் கெனோஷா நகரத்தில் ஜேக்கப் பிளேக் என்ற கறுப்பின இளைஞரைப் போலீஸ்காரர் முதுகில் சுட்டார். மூன்று நாள் கழித்து, அதே மாநிலத்து மில்வாக்கி பக்ஸ் கூடைப்பந்து அணி, நாக்-அவுட் சுற்று ஆட்டத்துக்கு அறையை விட்டு வெளியே வரவில்லை. உள்ளே இருந்தபடியே மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலோடும் துணை ஆளுநரோடும் போனில் பேசினார்கள். மற்ற அணிகளும் ஆட்டத்தை நிறுத்தின. லீக் நிர்வாகம் இறங்கிவந்து, தேர்தலுக்கு அரங்குகளை வாக்களிப்பு மையங்களாகத் திறந்துவிட அணிகளோடு சேர்ந்து முயல்வதாக ஒப்புக்கொண்டது. மாநிலச் சட்டமன்றம்? காவல் துறைச் சீர்திருத்தத்துக்காக ஆளுநர் கூட்டிய சிறப்புக் கூட்டத்தைத் திறந்த வேகத்தில் எதுவும் செய்யாமல் மூடியது. காரணம் வெளிப்படை. ஆட்டம் நின்றால் நஷ்டம் லீகுக்கு. எனவே லீக் இறங்கியது. சட்டமன்ற உறுப்பினர்களுக்கு அதில் எந்த நஷ்டமும் இல்லை, அவர்கள் அசையவில்லை. நட்சத்திரத்தின் பலம் யாருடைய கல்லாப்பெட்டியைத் தொடுகிறதோ, அங்கேதான் வேலை செய்யும்.

காது கொடுக்காதவர்களின் வாசலில்

கல்லாப்பெட்டி இல்லாத இடத்தில் ரசிகர்கள் உதவுவார்கள். தொண்டு அமைப்பின் அறிக்கையைப் படிக்காதவரும் தனக்குப் பிடித்த ஸ்டிரைக்கர் சொன்னால் கேட்பார். 2020 ஜூன் 15-ல் மான்செஸ்டர் யுனைடெட் வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்டு, பிரிட்டன் எம்.பி.க்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தரும் இலவச உணவுக்கான உதவியைக் கோடை விடுமுறையிலும் தொடர வேண்டும் என்பதே கோரிக்கை. அவருக்கு வயது 22. அம்மா முழுநேரம் உழைத்தும் வீட்டில் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு இருந்ததை, தானே இலவச உணவில் வளர்ந்ததை, அதில் வெளிப்படையாக எழுதியிருந்தார். முடியாது என்ற அரசாங்கம் மறுநாளே பணிந்தது. சுமார் 13 லட்சம் பிள்ளைகளுக்காக 12 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது.

அக்டோபரில் இதே கோரிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, 322-க்கு 261 என்று தோற்றது. அதற்குப் பிறகு ராஷ்ஃபோர்டு செய்ததுதான் கவனிக்க வேண்டியது. நாடெங்கும் சின்னச் சின்ன உணவகங்களும் உள்ளூர் மன்றங்களும் ‘எங்களிடம் வாருங்கள், பிள்ளைகளுக்குச் சாப்பாடு தருகிறோம்’ என்று அறிவிக்கத் தொடங்கின. அவர் தன் ட்விட்டர் பக்கத்தில் அந்த அறிவிப்புகளை ஒவ்வொன்றாக, மணிக்கணக்கில் பகிர்ந்துகொண்டே இருந்தார். அங்கே அவர் முகம் பின்னுக்குப் போய், உதவ முன்வந்த ஊர்களின் பெயர்கள் முன்னுக்கு வந்தன. நவம்பரில் அரசாங்கம் இரண்டாம் முறையாக இறங்கிவந்து 17 கோடி பவுண்டு அறிவித்தது. ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லியே ஆக வேண்டிய தெளிவான கோரிக்கை, ஆண்டுக்கணக்கில் உணவு வறுமைக்காக உழைத்த அமைப்புகளின் துணை, சொந்த அனுபவத்தின் நாணயம் ஆகிய மூன்றும் சேர்ந்ததால் வந்த வெற்றி அது.

அதே கோடையில் அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து வீராங்கனைகள் இன்னும் நுட்பமான பாடம் நடத்தினார்கள். அட்லாண்டா டிரீம் அணியின் உரிமையாளர்களில் ஒருவரான கெல்லி லோஃப்லர், அப்போது ஜார்ஜியா மாநிலத்தின் செனட்டர். ‘கறுப்பின உயிர்களும் முக்கியம்’ இயக்கத்தோடு லீக் கைகோத்ததை எதிர்த்து அவர் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார். வீராங்கனைகள் முதலில் கொதித்தார்கள். திட்டத் திட்ட அவருக்குத்தான் விளம்பரம் கிடைக்கிறது என்று புரிந்ததும் அவர் பெயரையே உச்சரிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். செனட் இடத்துக்கு அவரை எதிர்த்து நின்ற பாதிரியார் ரஃபேல் வார்னாக்கோடு காணொளியில் பேசி, கேள்வி கேட்டு, திருப்தியான பிறகு, ஆகஸ்ட் 4-ல் ‘வார்னாக்குக்கு வாக்களியுங்கள்’ என்ற டி-ஷர்ட்டோடு அரங்குக்குள் வந்தார்கள். கிங் போதித்த அதே எபினேசர் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் பாதிரியார் வார்னாக். அப்போது கருத்துக்கணிப்புகளில் பின்தங்கிக் கிடந்த அவருக்கு, நன்கொடையும் நாடறிந்த பெயரும் வரத் தொடங்கின. 2021 ஜனவரி 5 தேர்தலில் வென்று, ஜார்ஜியாவின் முதல் கறுப்பின செனட்டர் ஆனார். சில வாரங்களில் அணியே கைமாறியது. வாங்கியவர்களில் முன்னாள் வீராங்கனை ரெனி மான்ட்கோமரியும் ஒருவர். இங்கேயும் வாக்காளர்களைப் பதிவுசெய்து சேர்த்தது ஸ்டேசி ஏப்ரம்ஸ் போன்ற களப்பணியாளர்களின் பல்லாண்டு உழைப்பு. வீராங்கனைகள் தங்கள் சம்பளத்துக்குக் கையெழுத்திடுபவரையே எதிர்த்து, அந்த உழைப்பின் மீது வெளிச்சம் விழச் செய்தார்கள்.

எதிர்க்கேள்விகள்

நட்சத்திரங்களே வேண்டாம் என்று வென்ற போராட்டம் நம் கண் முன்னாலேயே நடந்ததே என்று தமிழ் வாசகர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் திரண்ட இளைஞர்கள், சினிமாக்காரர்களுக்கு மேடை இல்லை என்பதில் கறாராக இருந்தார்கள். நடிகர் சங்கம் தனியாக ஒரு போராட்டத்தை நடத்திக்கொண்டது. ஜனவரி 23-ல் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. அந்த இளைஞர்கள் மறுத்தது எதை? கேமராக்கள் தங்களை விட்டு நடிகர்கள் பக்கம் திரும்புவதை மறுத்தார்கள். சாப்பாட்டுக்கும் அடிப்படைத் தேவைகளுக்கும் உதவ வந்தவர்களை அவர்கள் விரட்டவில்லை. கூட்டமும் கவனமும் அவர்களிடம் ஏற்கெனவே ஏராளமாக இருந்தன. தன்னிடம் இருப்பதையே கொண்டுவருபவரால் ஒரு போராட்டத்துக்கு என்ன லாபம்? மெரினா என் வாதத்தை உடைக்கவில்லை; அதற்கு வரம்பு கட்டித் தருகிறது.

இரண்டாவது கேள்வி, புகழ் அதிகாரத்தின் பக்கமும் நிற்குமே என்பது. நிற்கும், பெரும்பாலும் அங்கேதான் நிற்கிறது. 2021 பிப்ரவரி 2-ல் பாடகி ரிஹானா டெல்லி எல்லையில் நடந்த விவசாயிகள் போராட்டத்தைப் பற்றி ஒற்றை வரி ட்வீட் போட்டார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் சுமார் 10 கோடிப் பேர். மறுநாளே வெளியுறவு அமைச்சகம் அறிக்கை விட்டது. சச்சின் டெண்டுல்கர் முதல் பாலிவுட் நட்சத்திரங்கள்வரை வரிசையாக வந்து, வெளியாள்கள் தலையிட வேண்டாம் என்ற தொனியில் பதிவிட்டார்கள். ட்வீட்டுக்கு ட்வீட் சரியாகிவிட்டது. விவசாயிகள் எதிர்த்த மூன்று வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெறுவதாக அரசாங்கம் அறிவித்தது நவம்பரில். அதுவரை குளிரிலும் வெயிலிலும் மழையிலும் சிங்கு, டிக்ரி, காஜிபூர் எல்லைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் விவசாயிகள். வெறும் வாய்வார்த்தையில் அரசாங்கத்தோடு போட்டி போட முடியாது. அது எத்தனை நட்சத்திரங்களை வேண்டுமானாலும் வரவழைக்கும். அதிகாரத்தால் வரவழைக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். தன்னை எதிர்த்துப் பேசி நஷ்டப்பட ஒருவர் தாமாக முன்வருவதை அதனால் உண்டாக்கவும் முடியாது, போலியாகச் செய்யவும் முடியாது.

மூன்றாவது கேள்வி கசப்பானது. அப்படி நஷ்டப்பட்டவர்கள் எதைச் சாதித்தார்கள்? 1968 அக்டோபர் 16, மெக்சிகோ ஒலிம்பிக்ஸ். 200 மீட்டரில் 19.83 விநாடி என்ற உலக சாதனையோடு தங்கம் வென்ற டாமி ஸ்மித்தும், வெண்கலம் வென்ற ஜான் கார்லோஸும் பதக்க மேடையில் கறுப்புக் கையுறை அணிந்த முஷ்டியை உயர்த்தினார்கள். கறுப்பின மக்களின் வறுமையைக் காட்ட, ஷூவைக் கழற்றி வெறும் கறுப்பு சாக்ஸோடு நின்றார்கள். கார்லோஸ் தன் கையுறையைக் கொண்டுவர மறந்துவிட்டார். ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னவர் வெள்ளி வென்ற ஆஸ்திரேலிய வெள்ளையர் பீட்டர் நார்மன். அதனால்தான் படத்தில் ஒருவர் வலது கையையும் மற்றவர் இடது கையையும் உயர்த்தியிருக்கிறார்கள். மூவர் நெஞ்சிலும் மனித உரிமை இயக்கத்தின் ஒரே பேட்ஜ். ஸ்மித்தும் கார்லோஸும் அணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். சொந்த நாட்டில் நார்மனுக்கு நேர்ந்த நடத்தைக்காக ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது 2012-ல்; அவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2016-ல் தேசிய கீதத்தின்போது மண்டியிட்ட அமெரிக்க ஃபுட்பால் வீரர் காலின் கேப்பர்னிக்கை, 2017 முதல் எந்த அணியும் எடுக்கவில்லை.

உடனடிப் பலன் என்று பார்த்தால் இவர்கள் தோற்றவர்கள். ஆனால், 2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவர் போலீஸ் பிடியில் கொல்லப்பட்டபோது உலகம் முழுக்க ஜனங்கள் எப்படி எதிர்ப்பைக் காட்டினார்கள்? மண்டியிட்டார்கள். இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் ஆட்டத்துக்கு ஆட்டம் வீரர்கள் மண்டியிட்டார்கள். வீரர்களின் பேச்சுக்குக் காது கொடுக்காதது தவறு என்று அமெரிக்க ஃபுட்பால் லீகின் தலைவரே ஒப்புக்கொண்டார். தன் பிழைப்பை இழந்தவர் விட்டுச்சென்ற ஒரு செய்கை, யார் வேண்டுமானாலும், எந்த மொழியிலும் கையிலெடுக்கக்கூடிய போராட்ட வடிவமாகியிருந்தது. விலை கொடுத்துச் செய்ததால்தான் அந்தச் செய்கை மனசில் தைத்தது.

விலையைப் பங்கிட்டுக்கொள்ள

கடைசியாக, நம் நாட்டு மல்யுத்த வீரர், வீராங்கனைகள். வினேஷ் போகத்தும், ரியோ ஒலிம்பிக்ஸில் பதக்கம் வென்ற சாக்ஷி மாலிக்கும், டோக்கியோவில் வென்ற பஜ்ரங் புனியாவும், மல்யுத்தக் கூட்டமைப்பின் அன்றைய தலைவரும் அன்றைய ஆளுங்கட்சி எம்.பி.யுமான பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது பாலியல் துன்புறுத்தல் புகார்களோடு 2023 ஜனவரியில் ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். அவர் குற்றச்சாட்டுகளை மறுத்தார். உச்ச நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் ஏப்ரலில் டெல்லி போலீஸ் வழக்கு பதிந்தது. மே 28-ல் நாட்டுக்குப் பதக்கம் வாங்கித் தந்தவர்களைப் போலீஸ் தெருவில் இழுத்துச்சென்றது. இரண்டு நாள் கழித்துப் பதக்கங்களைக் கங்கையில் விட ஹரித்வார் போனவர்களை விவசாயிகள் சங்கத் தலைவர் நரேஷ் டிக்காயத் தடுத்துத் திரும்ப அழைத்து வந்தார். ஜூனில் விளையாட்டுத் துறை அமைச்சர் பேச்சுவார்த்தைக்கு அழைத்தார், குற்றப்பத்திரிகையும் வந்தது. டிசம்பரில் சிங்குக்கு நெருக்கமானவரே கூட்டமைப்புத் தேர்தலில் வென்றதும், சாக்ஷி தன் ஷூவை மேசை மீது வைத்துவிட்டு மல்யுத்தத்தை விட்டார்.

ஒலிம்பிக் பதக்கம்கூட அவர்களைத் தனியாகக் காப்பாற்றவில்லை. காப்பாற்றிய அளவுக்குக் காப்பாற்றியவர்கள் தோள் கொடுத்த விவசாயிகளும் ஊர்ப் பஞ்சாயத்துகளும்தான். நாட்டின் மிகப் பெரிய பெயர்களான கிரிக்கெட் வீரர்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்று வினேஷ் வெளிப்படையாகவே கேட்டார். 1983 உலகக்கோப்பை அணியினர் ஓர் அறிக்கை விட்டார்கள். அன்றைக்கு ஆடிக்கொண்டிருந்த அணி மௌனம் காத்தது. அதில் ஒருவர் அல்ல, பதினொரு பேரும் சேர்ந்து பேசியிருந்தால் யாரை அணியை விட்டு நீக்கியிருப்பார்கள்? மிசௌரியில் பயிற்சியாளர் கூட நின்றார். அட்லாண்டாவில் லீக் முழுவதும் கூட நின்றது. அங்கே யாரும் தனியாகப் பழிவாங்கப்படவில்லை. கேப்பர்னிக் ஏறக்குறையத் தனியாக நின்றார், வேலை போனது. விலை ஒருவர் தலையில் விழுந்தால் அது தியாகம்; பலர் பங்கிட்டுக்கொண்டால் அது பலம்.

இந்தப் பங்கில் ரசிகர்களான நமக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வீரரோ நடிகரோ அநியாயத்தை எதிர்த்து நின்றால் அவர் படத்தைப் புறக்கணிக்கச் சொல்லியும், விளம்பர ஒப்பந்தத்தைப் பறிக்கச் சொல்லியும் கூச்சலிட ஒரு கூட்டம் தயாராக இருக்கிறது. அவருக்காக டிக்கெட் வாங்கவும், அந்த நிறுவனத்துக்கு எழுதவும், தெருவில் நிற்கவும் நாம் தயாராக இருக்கிறோமா? பேசாத நட்சத்திரத்தைப் பார்த்து ‘ஏன் பேசவில்லை’ என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. பேசியவர் அடி வாங்கும்போது அவர் பக்கத்தில் நிற்கும் கடமையைச் செய்தால்தான் அந்த உரிமைக்கு மதிப்பு. அந்தக் கடமையை நாம் செய்யத் தொடங்கினால், அடுத்த முறை பேசுவதற்கு அத்தனை துணிச்சல் தேவைப்படாது. சராசரி துணிச்சல் உள்ளவர்களும் பேசுவார்கள். போராட்டங்கள் வெல்வது அப்படிப்பட்டவர்களின் எண்ணிக்கை கூடும்போதுதான்.